விழுங்கிய மருந்து எங்கே போகிறது?

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

முன்னுரை

நோய் வந்தால் மருந்து உண்கிறோம். மருந்துக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஆனால் விழுங்கிய மாத்திரை உடலில் எவ்வழியே செல்கிறது, அதில் எவ்வளவு பயன்படுகிறது என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. விழுங்கிய அளவு வேறு. இரத்தத்தைச் சேரும் அளவு வேறு. இந்த வேறுபாட்டை அறிந்து வைத்தால், வீட்டிலுள்ள நோயாளிக்கு ஆபத்து வேளையில் அது உதவும்.

மருந்தின் பயணம்

சிரையில் ஊசி மூலம் செலுத்தும் மருந்து நூற்றுக்கு நூறும் இரத்தத்தைச் சேர்ந்துவிடுகிறது. மாத்திரைக்கோ வழி நெடியது. அது முதலில் கரைய வேண்டும். பிறகு சிறுகுடலின் சுவரைக் கடக்க வேண்டும். அங்கிருந்து இரத்தம் நேரே இதயத்திற்குச் செல்வதில்லை. கல்லீரல் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது.

நம் உடலின் மிகப் பெரிய சுரப்பி கல்லீரல் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். வளர்ந்தவர்களுக்கு அதன் எடை ஏறத்தாழ ஒன்றரை கிலோகிராம். உணவோடு வரும் நச்சுப் பொருள்களைத் தன் நொதிகளால் மாற்றிக் கழிவாக்குவது அதன் கடமைகளுள் ஒன்று. ஊர் எல்லையில் நிற்கும் காவற்காரர் புதியவர் எவரையும் நிறுத்திச் சோதிப்பதுபோல, நன்மை செய்ய வந்த மருந்தையும் கல்லீரல் அயற்பொருளாகவே நடத்துகிறது. குடற்சுவரில் உள்ள நொதிகளும் இப்பணியில் சேர்ந்துகொள்கின்றன. இரத்த ஓட்டத்தில் முழுதும் கலக்கும் முன்பே மருந்து இவ்வாறு அழிவதை 'ஃபர்ஸ்ட் பாஸ்', அதாவது முதற்கடப்பு என்பர். தப்பிப் பிழைத்து இரத்தத்தைச் சேரும் பங்கிற்கு 'பயோஅவைலபிலிட்டி' என்று பெயர். 100 மில்லிகிராம் விழுங்கி 30 மில்லிகிராம் சேர்ந்தால், அது 30 விழுக்காடு.

நாக்கின் அடியில் ஒரு குறுக்கு வழி

நைட்ரோகிளிசரினை 1847-ஆம் ஆண்டு இத்தாலியர் அஸ்கானியோ சொப்ரேரோ கண்டுபிடித்தார். ஆல்ஃபிரட் நோபல் அதைக் கொண்டு டைனமைட் செய்தார். அதே பொருள் நெஞ்சு வலியைத் தணிக்கும் என்று லண்டன் மருத்துவர் வில்லியம் மர்ரல் 1879-இல் எழுதினார். பிற்காலத்தில் நோபலுக்கே இதய நோய் வந்தபோது மருத்துவர்கள் அவருக்கு அதையே பரிந்துரைத்தது வியப்பன்றோ!

இம்மருந்தை விழுங்கினால் கல்லீரல் அதில் பெரும்பகுதியை அழித்துவிடும். நாக்கின் அடியில் வைத்தாலோ, அங்குள்ள மெல்லிய சவ்வின் வழியே இரத்தத்தில் கலந்து, கல்லீரலைத் தொடாமலே இதயத்தை அடையும். சில நிமிடங்களில் வலி தணியும். என் பாட்டிக்கு இவ்வகை மாத்திரை உண்டு. "விழுங்கிடாதீங்கம்மா, நாக்குக்கு அடியிலேயே வைங்க" என்று மருத்துவர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். அதன் காரணம் இப்போது எனக்கு விளங்குகிறது. தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்வது அன்பினால்தான் என்றாலும், அந்த வேளையில் அது உதவாது. மாத்திரை வைத்தும் வலி தணியாவிட்டால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வாய்வழி அளவும் ஊசி அளவும்

புற்றுநோயின் கடும் வலிக்கு மார்ஃபின் தருவர். ஊசியில் 10 மில்லிகிராம் தரும் பயனைப் பெற, வாய்வழியே ஏறத்தாழ 30 மில்லிகிராம் வேண்டும். மீதியைக் கல்லீரல் எடுத்துக்கொள்கிறது. லண்டனில் அருட்சகோதரிகள் நடத்திய புனித சூசையப்பர் இல்லத்தில் 1958 முதல் பணியாற்றிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், வலி வரும்வரை காத்திராமல், குறித்த நேரந்தோறும் வாய்வழி மார்ஃபின் கொடுத்து நோயாளிகளின் துன்பத்தைக் குறைத்தார். ஊசி இல்லாமலே வலி தீர வழி பிறந்தது. ஆனால் வாய்வழி அளவை அப்படியே ஊசியில் ஏற்றினால் மூச்சே நின்றுவிடக்கூடும்.

காவல் தளர்ந்தால்

கிரேப்ஃப்ரூட் என்னும் பழம் நம் பம்பளிமாசுக்கு உறவு. அதன் சாற்றைக் குடித்தவர்களுக்கு ஃபெலோடிபின் என்னும் இரத்த அழுத்த மருந்து இரத்தத்தில் பன்மடங்கு கூடுவதைக் கனடா நாட்டு டேவிட் பெய்லியும் அவர் குழுவினரும் கண்டு 1991-இல் வெளியிட்டனர். அச்சாறு குடற்சுவரின் நொதியை முடக்கிவிடுகிறது. அதுபோலக் கல்லீரல் சுருங்கி நோயுற்றவர்களுக்குக் காவல் குறைவதால், பிறருக்கு ஏற்ற அளவே அவர்களுக்கு மிகுதியாகிவிடலாம்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை விழுங்கலாகாது. விழுங்கும் மாத்திரையை நாமாகப் பொடி செய்யலாகாது.
2. அடுத்த வீட்டாரின் மருந்தை, நோய் ஒன்றே என்று எண்ணி, உண்ணலாகாது.
3. விரைவில் குணமாக வேண்டி அளவைக் கூட்டலாகாது.
4. கல்லீரல் நோய் இருந்தாலும், வேறு மருந்து உண்டு வந்தாலும் மருத்துவரிடம் மறையாமல் சொல்ல வேண்டும்.

முடிவுரை

மருத்துவர் சீட்டில் எழுதும் எண்ணுக்குப் பின்னால், கல்லீரல் எடுத்துக்கொள்ளும் பங்கும் கணக்கில் உள்ளது. 'நாக்கின் அடியில்', 'உணவுக்கு முன்' என்னும் சிறு சொற்களும் அக்கணக்கைச் சேர்ந்தவையே. ஆகவே தோழியரே, வீட்டில் முதியோர்க்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் பணி நம்மில் பலருக்கு உண்டு. கொடுக்கும் முன் சீட்டை ஒரு முறை முழுதும் படிப்போம். புரியாததைக் கேட்டுத் தெரிந்து கொடுப்போம்.