கைத்தொலைபேசியும் மலையக இளந்தலைமுறையும்

விஞ்ஞானம் வளர்ந்த வேகத்திலே மனித உறவுகளும் பெரும் மாற்றங்களைக் கண்டு வருகின்றன என்பது யாவரும் அறிந்ததே. முன்னாளில் கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலும் கிராமங்களிலும் ஓர் இளைஞன் தன் வயதொத்தவர்களைச் சந்திக்க வேண்டுமாயின் பீலிக்கரைக்கோ, பிரட்டுக்களத்துக்கோ, விளையாட்டு மைதானத்துக்கோ, ஆலய முன்றலுக்கோ வந்தாக வேண்டும். வானொலி வந்தது, 1982இல் ரூபவாஹினி ஆரம்பமானதும் தொலைக்காட்சியும் மெல்ல மெல்ல வந்தது. ஆயினும் லயத்தில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் அந்த வாசலில் லயம் முழுவதும் கூடியது. கைத்தொலைபேசியோ ஒவ்வொருவரையும் தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறது. ஒரே அறையில் நால்வர் இருந்தும் நான்கு உலகங்களில் இருப்பதை இன்று பல வீடுகளில் காணலாம்.

இதனாலே அக்கருவியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்று கூறுவது பொருந்தாது. மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழிலுக்குச் சென்ற தாய்மாரின் பிள்ளைகள் தோட்டங்களிலே ஏராளம். முன்பு மாதக்கணக்கில் கடிதத்துக்குக் காத்திருந்த பிள்ளை, இன்று இமோ, வட்ஸ்அப் வழியாக இரவில் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு உறங்குகிறது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மலையகப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டிலும் பாறையிலும் ஏறியமர்ந்து பாடம் படித்த காட்சியை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டில் ஒரேயொரு போன், அதற்கு மூன்று பிள்ளைகள் என்ற நிலையில், அது இல்லாமை எத்தகைய இழப்பு என்பதும் அப்பொழுது தெரிந்தது.

ஆனால், அதே கருவி என்ன செய்யக்கூடும் என்பதற்கும் கண்டி மாவட்டமே சாட்சி. 2018 பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியப் பகுதியில் வீதியில் ஏற்பட்ட தகராறொன்றில் லொறிச் சாரதி ஒருவர் தாக்கப்பட்டு, மார்ச் மாத ஆரம்பத்தில் உயிரிழந்தார். பொலிசாரும் நீதிமன்றமும் கவனிக்க வேண்டிய அந்தக் குற்றம், பேஸ்புக் வழியே ஓர் இனத்தின் மீதான துவேஷமாகப் பரப்பப்பட்டது. திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. உயிர்களும் பலியாகின. திரண்ட கும்பல்களில் இளைஞர்களும் இருந்தனர். வெளியூர்களிலிருந்து வந்தவர்களும் இருந்தனர். மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் என்பன நாடு முழுவதும் முடக்கப்பட்டன. இதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான், அம்பாறையில் உணவில் மலட்டுத்தன்மை மாத்திரை கலந்தார்கள் என்ற கதை பரவிக் கலவரமாயிற்று. பின்னர் பரிசோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி என்பது தெரியவந்தது.

அதே நாட்களில் அயலிலுள்ள முஸ்லிம் குடும்பங்களைக் காத்துநின்ற சிங்கள மக்களும் பௌத்த பிக்குகளும் கண்டியில் இருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. அவர்களுடைய கைகளிலும் அதே போன்தான் இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை அவர்கள் நேரில் அறிந்திருந்தார்கள்.

கச்சேரிக்கு ஒரு கடிதம் வந்தால் அனுப்பியவரின் பெயர், ஒப்பம், திகதி, கோவை இலக்கம் யாவும் அதில் இருக்கும். ஒப்பமில்லாத மொட்டைக் கடிதத்தை எந்த எழுதுவினைஞரும் உடனே மேலதிகாரியின் மேசையில் வைத்துவிட மாட்டார். வட்ஸ்அப்பில் வருவனவோ பெரும்பாலும் மொட்டைக் கடிதங்களே. எழுதியவர் யாரென்று தெரியாது, எழுதிய நாளும் தெரியாது. அனுப்பியவர் நண்பர் என்பதால் மட்டும் அது நம்பப்படுகிறது. பேஸ்புக்கிலோ ஒரு பதிவுக்கு எத்தனை பேர் விருப்பமும் கருத்தும் இடுகின்றனர் என்பதைக் கணினியே கணக்கிட்டு, கூடுதலாகப் பேசப்படுவதைக் கூடுதலானோருக்குக் காட்டுகிறது. சினமூட்டும் பதிவு கூடுதலாகப் பேசப்படும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

முடக்கம் ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமாகவே நீடித்தது. ஆனால் இளைஞர் பலர் விபிஎன் என்னும் வழியால் அதனைத் தாண்டிச் சென்றனர். வட்ஸ்அப் நிறுவனம் 2019 ஜனவரியில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதவாறு உலகெங்கும் கட்டுப்பாடு விதித்தது. பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில், இலங்கைக் கலவரத்தில் தன் தளம் வகித்த பங்குக்காக மன்னிப்புக் கோரியது. அவுஸ்திரேலியாவிலே 2025 டிசம்பர் 10ஆம் திகதி முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பது தடுக்கப்பட்டுள்ளது. சட்டங்கள் தேவைதான். எனினும், போனைப் பறித்த பின் அந்தப் பிள்ளை மாலை ஐந்து மணிக்கு எங்கே போவது என்பதை எந்தச் சட்டமும் சொல்வதில்லை.

இந்த இடத்திலே காமன் கூத்தை நினைவுகூர்வது தகும். மாசி அமாவாசையை அடுத்துக் காமன் நடப்பட்டு, பௌர்ணமியை ஒட்டிக் காமதகனம் நிகழும் வரை, தோட்டத்து இளைஞருக்கு மாலைப்பொழுது முழுவதும் வேலை இருக்கும். மதனாக ஆடுபவரும் ரதி வேடம் கட்டும் ஆண்மகனும் விரதம் காக்க வேண்டும். தூதனும் எமனும் வீரபத்திரரும் தத்தம் ஆட்டத்தைப் பழக வேண்டும். தப்பு அடிப்பவரின் கையும் ஆடுபவரின் காலும் ஒன்றுசேர வேண்டும். மூத்த கலைஞர் பாட, இளையவர் கேட்டுக் கேட்டே பாட்டைப் பிடித்துக்கொள்வர். தவறினால் முகத்துக்கு நேரே கண்டிப்பார். மறுநாளும் அவர் முன்னே போய் நிற்கத்தான் வேண்டும். பேஸ்புக்கில் பிடிக்காதவரை ஒரு விரலால் நீக்கிவிடலாம். இங்கே பிணக்குள்ளவனோடும் சேர்ந்துதான் ஆட வேண்டும். வம்புப் பேச்சும் கைகலப்பும் அங்கேயும் நடந்ததுண்டு. ஆனால் மறுநாள் ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துத்தான் ஆகவேண்டியிருந்தது. இன்று பல தோட்டங்களில் பாட்டறிந்தோர் முதுமையடைந்துவிட்டனர். இளைஞர் கொழும்பிலே கடைகளில் வேலை செய்கின்றனர். பழக ஆளில்லாத குறைக்குக் கைத்தொலைபேசியை மட்டும் காரணம் காட்டுவது நியாயமன்று.

பிள்ளைகளைக் குறைகூறும் பெரியவர்களும் சற்றுச் சிந்திக்க வேண்டும். தீபாராதனை வேளையில் மூலஸ்தானத்துக்கு எதிரே ஒலிக்கும் போன்கள் யாவும் இளைஞர்களுடையவை அல்ல. சோற்றுத் தட்டுக்கு முன்னால் தந்தையும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் மகனுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? இரவு உணவு வேளையில் வீட்டிலுள்ள போன்கள் யாவும் ஓரிடத்தில் வைக்கப்படட்டும். தாயின் அழைப்பு வரும் போன் மட்டும் விதிவிலக்காகட்டும்.

ஆலயத் திருவிழாக்களிலும் சில ஒழுங்குகளைச் செய்யலாம். ஞாயிறு அறநெறி வகுப்பு முடிந்ததும் தப்பு, மேளம், காமன் பாட்டுப் பழக ஒரு மணி நேரம் ஒதுக்கி, முதியவர்களை அழைத்து அவர்களது பாட்டை இளைஞரின் போனிலேயே பதிவுசெய்து வைக்கலாம். திருவிழாவை நேரலையாக அனுப்பும் பொறுப்பை முறைவைத்து இருவரிடம் மட்டும் கொடுத்தால், கட்டாரிலும் குவைத்திலும் உள்ள உறவினர் தரிசிப்பர். ஏனைய இளைஞர் இரு கைகளாலும் வடம் பிடிப்பர்.