அப்பாவோட ரிப்பேர் கடைக்கு என்ன விலை? விற்பதற்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

நீங்க சென்னையிலயோ பெங்களூர்லயோ மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கறீங்க. ஊர்ல அப்பா ஒரு சின்ன ரிப்பேர் கடையை முப்பது வருஷமா நடத்தறார். "இனி முடியலப்பா, கொடுத்துடலாம்" என்கிறார். என்ன விலை சொல்லுவீங்க?

ஒரு கற்பனைக் கடையை வெச்சுக் கணக்குப் போடுவோம். கொடைக்கானல்ல பியானோ பழுதுபார்க்கிற கடை. மலையில பனியும் ஈரமும் அதிகம். மரம் உப்பும், ஸ்ருதி ஏறும். பள்ளிகள், தேவாலயங்கள், பழைய பங்களாக்கள்னு வேலைக்குக் குறைவில்லை.

1. உண்மையான லாபம் எது?

ஆண்டு வரவு 14 லட்சம். உதிரிபாகம், வாடகை, போக்குவரத்து 6 லட்சம். மீதி 8 லட்சம். "மூணு வருஷ லாபம், 24 லட்சம் கேட்கலாம்"னு தோணும். அங்கதான் தப்பு.

அந்த 8 லட்சத்துக்குள்ள அப்பாவோட உழைப்புக்கான கூலியும் இருக்கு. அதே கைத்திறன் உள்ள ஒருவரை வெளியூர்ல இருந்து கொண்டுவந்தா மாதம் 45,000, ஆண்டுக்கு 5.4 லட்சம். மீதி 2.6 லட்சம்தான் தொழிலோட லாபம். மூணு வருஷத்துல போட்ட பணம் திரும்பணும்னு நினைக்கிறவர் 7.8 லட்சம்தான் தருவார்.

2. விலையை எப்படி ஏத்துவது?

விற்க ரெண்டு வருஷம் முன்னாடியே ஒரு உள்ளூர்ப் பையனுக்கு வேலையைக் கத்துக்கொடுங்க. அவருக்கு மாதம் 30,000 கொடுத்தா ஆண்டுக்கு 3.6 லட்சம். லாபம் 4.4 லட்சம் ஆகும், விலை 13.2 லட்சம். ஒரே கடைதான், வித்தியாசம் 5.4 லட்சம்!

கூடவே எந்தப் பியானோவுக்கு எப்போ என்ன செய்தோம்னு ஒரு பதிவேடு, பள்ளிகளோட எழுத்துபூர்வமான ஆண்டு ஒப்பந்தம். அப்பாவோட நினைவுல மட்டும் இருக்கிற தகவலுக்கு யாரும் காசு தரமாட்டாங்க.

சென்னை அண்ணா சாலையில இருக்கிற மியூசி மியூசிகல் கடையோட வரலாறு 1842-ல மிஸ்குயித் நிறுவனமா ஆரம்பிச்சது. பெயரும் உரிமையாளரும் மாறியும் கடை இன்னும் நடக்குது. ஒரு ஆளோட கையை மட்டும் நம்பின தொழிலுக்கு இந்த ஆயுள் கிடைக்காது.

3. பத்திரத்துல என்ன எழுதணும்?

• ரிப்பேருக்கு வந்திருக்கும் கருவிகள் வாடிக்கையாளரோடது, உங்க சொத்து இல்லை. தனிப் பட்டியல் போடுங்க. வாங்கின அட்வான்ஸ் கடன் கணக்குல வரும்.

• கடை வாடகை இடம்னா, வீட்டுக்காரர் சம்மதம் முதல்ல.

• வாங்குறவர், "பக்கத்துலயே நீங்க மறுபடி கடை போடக்கூடாது"ன்னு கேட்பார். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு பொதுவா தொழில் தடை ஒப்பந்தங்களைச் செல்லாதுன்னு சொல்லுது. ஆனா குட்வில்லோட விற்கும்போது விதிவிலக்கு உண்டு. இடத்தின் எல்லை குறிப்பிட்டிருக்கணும், நியாயமாவும் இருக்கணும். "கொடைக்கானல் தாலுகா" சரி. "தமிழ்நாடு முழுக்க"ன்னா யோசிங்க.

• பணம் தவணையில வந்தா, கடைசித் தவணை வரை என்ன பாதுகாப்புன்னு எழுதுங்க.

4. வரி

கடையை ஒட்டுமொத்தமா ஒரே தொகைக்கு விற்பதை ஸ்லம்ப் சேல்னு சொல்வாங்க. 36 மாதத்துக்கு மேல நடந்த தொழில்னா நீண்டகால மூலதன ஆதாயம், வரி 12.5%, அதுக்கு மேல செஸ். நடந்துகொண்டிருக்கும் தொழிலை முழுசா மாற்றினா ஜிஎஸ்டி விலக்கும் உண்டு. கருவி, சரக்குன்னு தனித்தனியா விலை போட்டு வித்தா கணக்கே மாறும். அதனால கையெழுத்துக்கு முன்னாடியே ஆடிட்டரைப் பாருங்க.

இந்த வாரக் கடைசியில ஊருக்குப் போனா, அப்பாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நீங்க ஒரு மாசம் கடைக்கு வரலைன்னா எவ்வளவு வரும்?" வாங்குறவர் விலை பேசப் போறது அந்தத் தொகையை வெச்சுத்தான்.