அடகுக்கடை எடுக்காத சொத்து

2020 ஜூன். ஆபீசில் சம்பளத்தைப் பாதியாக்கி மூன்றாவது மாதம். பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் என் பழைய வாட்ச்கள் வரிசையாக இருந்தன. “நல்ல பிராண்டு வாட்ச் எந்தக் காலத்திலும் விலை போகும்” என்று வீட்டில் நான் சொல்லாத நாளில்லை. அந்தப் பேச்சுக்கு அன்றைக்குத்தான் பரீட்சை வந்தது.

1960-களின் ஒமேகா சீமாஸ்டரை எடுத்துக்கொண்டு மண்ணடியில் பழக்கமான வாட்ச் ரிப்பேர் பாயிடம் போனேன். மாஸ்க்குக்கு மேலே ஒற்றைக்கண் லென்ஸைப் பொருத்திக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். தலையாட்டினார். திருப்பி டயலைப் பார்த்தார். ஆட்டம் நின்றது.

“எவ்வளவுக்கு எடுத்தீங்க தம்பி?”

“நாற்பத்தஞ்சாயிரம், பாய்.”

“மெஷின் ஒரிஜினல். டயல் மட்டும் புதுசா பிரிண்ட் போட்டது. ஆறு மணிக்குக் கீழே பாருங்க.”

லென்ஸை வாங்கிப் பார்த்தேன். ‘ஸ்விஸ் மேட்’ எழுத்துகள் ஒன்று தடிப்பாக, ஒன்று மெலிசாக இருந்தன. நிமிஷக் கோடுகள் மணிக் குறிகளோடு ஒட்டாமல் மயிரிழை விலகி நின்றன. அறுபது வருஷத்துப் பொருள் இப்படிப் பளபளக்கிறதே என்று மயங்கி நான் வாங்கியது அந்த டயலைத்தான். அலைந்து திரிந்து இருபத்திரண்டாயிரத்துக்குக் கொடுத்தேன்.

அதே வாரம் அப்பாவின் எச்எம்டி பைலட்டை ஒருவர் பாய் மூலமாக விலைக்குக் கேட்டார். கறுப்பு டயல், சாவி கொடுத்தால் ஓடும் 17 கல் மெஷின். கண்ணாடி முழுக்கக் கீறல். அப்பா சில நூறு ரூபாய்க்கு வாங்கியது. பில்லைக்கூடப் பத்திரமாக வைத்திருந்தார். “துடைக்க வேண்டாம், அப்படியே கொடுங்க” என்று, கேட்டவர் நான் நினைத்ததைவிட அதிக விலை சொன்னார். எனக்குத்தான் மனசு வரவில்லை. பற்றாக்குறைக்கு மனைவியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. பத்து நிமிஷத்தில் பணம் கையில்.

அந்த ஒரு வாரம் கற்றுக்கொடுத்ததையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

பேருக்கு முன்னால் டயல். உலகப் பெருமந்தத்தில் தடுமாறிய படேக் பிலிப் கம்பெனியை 1932-ல் வாங்கியவர்கள் ஸ்டெர்ன் சகோதரர்கள். அதுவரை அந்தக் கம்பெனிக்கு டயல் செய்து கொடுத்தவர்கள் அவர்கள். இன்றும் கம்பெனி அந்தக் குடும்பத்திடம்தான் இருக்கிறது. அதே 1932-ல் வந்த அவர்களின் கலட்ராவா 96 வாட்சை இன்று ஏலத்தில் எடுக்க வருபவரும் முதலில் டயலைத்தான் உற்றுப் பார்க்கிறார். கையிருப்பு சுருங்கும் காலத்தில் வாங்குபவர் இன்னும் கறாராகிறார். குறை உள்ளது முதலில் அடி வாங்குகிறது. டயலுக்கு மறுபிரிண்ட் போடாதீர்கள். கேஸைப் பாலிஷ் போட்டு அதன் விளிம்புகளை மழுக்காதீர்கள்.

பிராண்டும் படுக்கும். 1969 டிசம்பர் 25-ல் சீகோ அஸ்ட்ரான் குவார்ட்ஸ் வாட்ச் டோக்கியோவில் விற்பனைக்கு வந்தது. குவார்ட்ஸ் அடித்த அடியில், 1970-ல் சுமார் 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிஸ் வாட்ச் தொழிலில், எண்பதுகளின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள்தான் மிஞ்சினார்கள். எத்தனையோ பழம்பெரும் பெயர்கள் அதோடு போயின. நம் பக்கம் ஓசூரிலிருந்து டைட்டன் குவார்ட்ஸ் வந்தபோது எச்எம்டிக்கும் இறங்குமுகம்தான். 1961-ல் சிட்டிசனோடு கைகோத்துப் பெங்களூரில் தொடங்கிய அந்த வாட்ச் கம்பெனியை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இனி வராது என்றதும் தேட ஆரம்பித்தார்கள். தேட்டம் வந்ததும் உதிரி பாகங்களைக் கோத்த போலி பைலட்டுகளும் வந்தன.

எல்லாரும் வாங்கும்போது ஒதுங்கி நில்லுங்கள். கொரோனா காலத்தில் ரோலக்ஸ் டேடோனா, படேக் நாட்டிலஸ் போன்ற புது மாடல்கள் கடை விலையைவிடப் பல மடங்குக்குக் கைமாறின. 2022 தொடக்கத்தில் உச்சம். அப்புறம் மளமளவென இறக்கம். உச்சத்தில் வாங்கியவருக்கு பிராண்டு கைகொடுக்கவில்லை.

விலை இறங்குமுன் விற்பனை நிற்கும். மந்தக் காலத்தில் நல்ல பீஸ் வைத்திருப்பவர் அதைச் சந்தைக்கே கொண்டுவர மாட்டார். அதனால்தான் விலை நிற்பதுபோலத் தெரிகிறது. காத்திருக்க முடிந்தவருக்குத்தான் அந்த விலை. அவசரத்தில் போகிறவருக்கு, எனக்கு நடந்ததுதான்.

தங்கத்துக்குத் தினமும் கடைப் பலகையில் கிராம் விலை எழுதுகிறார்கள். வாட்சுக்கு அதையே தேடும் ஒரு ஆள் கிடைக்க வேண்டும். அதுவரை சர்வீஸ் செலவும் நம்முடையது.

போன மாதம் மைத்துனர் ஒரு பழைய ஒமேகாவோடு வந்தார்.

“மார்க்கெட் விழுந்தா இதை வித்துக்கலாம்ல, மச்சான்?”

லென்ஸை எடுத்துவரப் போனவன் திரும்பி வந்து கேட்டேன். “பேங்க்ல ஆறு மாசச் செலவுக்குப் பணம் இருக்கா?”

“அது… இன்னும் சேர்க்கல.”

“அப்போ மூடியைத் திறக்கவே வேண்டாம். வாங்கின இடத்துலயே கொடுத்துடுங்க.”