மரபியலைக் காதால் படிப்பது

நம்பிக்கை: கேட்டுப் புரிந்துகொள்ளும் பயிற்சி மொழி ஆசிரியரின் வேலை. அறிவியலுக்குப் புத்தகமும் படமும் போதும்.

உண்மை: ஒரு சொல்லைத் தவறவிட்டால் விடையே மாறிப்போகும் பாடங்களில் மரபியலுக்கு நான் முதலிடம் கொடுப்பேன். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு ஆசிரியர் நிதானமாக வாசிக்கட்டும்: "கண்ணனின் தாய்மாமனுக்குச் சிவப்பு-பச்சை நிறக்குருடு. கண்ணனின் அம்மா, அப்பா, இருபக்கத் தாத்தா பாட்டிகள் எவருக்கும் அந்தக் குறை இல்லை. கண்ணனுக்கு அது வர எவ்வளவு வாய்ப்பு?" மாணவர்கள் எதையும் எழுத வேண்டாம். கேட்டபடியே குடும்ப வரைபடம் போடட்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், குறை உள்ளவருக்கு உள்ளே மை.

இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு அது தாயிடமிருந்துதான் வரும். மாமனுக்குக் குறை இருப்பதால், அம்மாவைப் பெற்ற பாட்டி அந்த மரபணுவைக் கடத்துபவர். அம்மாவும் கடத்துபவராக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. ஆகவே கண்ணனுக்கு நான்கில் ஒன்று. தாய்மாமனைச் சித்தப்பா என்று காதில் வாங்கிய பிள்ளைக்கு இந்தக் கணக்கே எழாது. அப்பா மகனுக்குத் தருவது ஒய் குரோமோசோம்; சித்தப்பாவின் குறைக்கும் கண்ணனுக்கும் தொடர்பில்லை. வரைபடத்தைப் பார்த்ததுமே, பிள்ளை எந்த வாக்கியத்தில் தடுமாறியது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். 'சரியா, தவறா' வினாத்தாளில் இது தெரியாது.

நம்பிக்கை: பெற்றோர் இருவரும் தலசீமியா மரபணுவைக் கடத்துபவர்கள் என்றால் நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு நோய் வரும். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டால் மற்ற மூவரும் தப்பிவிடுவார்கள்.

உண்மை: ஒவ்வொரு கருவுக்கும் தனித்தனியாக 25 விழுக்காடு வாய்ப்பு. மூத்த பிள்ளைக்கு நேர்ந்தது அடுத்த கருவின் கணக்கில் சேராது. நான்கு பிள்ளைகளும் நோயின்றிப் பிறக்க ஏறத்தாழ 32 விழுக்காடு வாய்ப்புண்டு. இருவருக்கு வரவும் கூடும். 'ஒவ்வொரு முறையும்' என்று மருத்துவர் சொல்லியிருந்தாலும் 'நான்கில் ஒன்று' மட்டும் வீடு வந்து சேர்கிறது. எண்ணைப் பிடித்துக்கொண்டு அதன் நிபந்தனையை விட்டுவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஒரு குடும்பம் அடுத்த குழந்தை பற்றி எடுக்கும் முடிவு 'ஒவ்வொரு முறையும்' என்ற இரண்டு சொற்களில் தொங்குகிறது. அதனால்தான், வாசித்து முடித்ததும் மாணவர்களைத் தங்கள் சொற்களில் திரும்பச் சொல்லவைக்க வேண்டும் என்கிறேன்.

நம்பிக்கை: ஓங்கு பண்புதான் பெரும்பாலோரிடம் இருக்கும்.

உண்மை: இல்லை. 'ஓங்கு' என்று காதில் விழுந்ததும் 'பரவலானது' என்று எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது. ஆறு விரல் பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகவே இறங்குகிறது, ஆனாலும் அரிதுதான். ஓ ரத்த வகை ஒடுங்கு பண்பு. தமிழ்நாட்டில் மிகப் பரவலாக இருப்பதும் அதுவே.

நம்பிக்கை: தெளிவாகச் சொன்னால் கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

உண்மை: 1865 பிப்ரவரி 8, மார்ச் 8 ஆகிய இரு நாட்களில், இன்று செக் நாட்டிலுள்ள பர்னோ நகரின் இயற்கை அறிவியல் கழகத்தில் கிரிகோர் மெண்டல் தன் பட்டாணி ஆய்வை உரக்க வாசித்தார். மறு ஆண்டு அது அச்சிலும் வந்தது. அதன் அருமை பரவலாக உணரப்பட 1900 வரை ஆயிற்று. மெண்டலின் விதைக் கணக்கையே வகுப்பில் வாசியுங்கள்: உருண்டை 5,474, சுருங்கியது 1,850. 'மூன்றுக்கு ஒன்று' என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். சற்று நிறுத்துங்கள், பிள்ளைகளே வகுத்துப் பார்க்கட்டும்.