கேஸ் என்றால் முதலில் பிரிவைக் கேளுங்கள்

வீட்டில் ஒருவர் மீது போலீஸ் கேஸ் என்றதும் சொந்தபந்தம் எல்லாம் "யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும்?" என்றுதான் ஓடும். கட்சிக்காரர், கவுன்சிலர், தெரிந்த ஏட்டு என்று அலைவதிலேயே முதல் நாள் போய்விடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்தப் பிரிவில் கேஸ்? ஜாமீன் உரிமையா இல்லையா, எத்தனை வருட தண்டனை, எந்தக் கோர்ட், சமரசத்துக்கு வழியுண்டா என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்ததுதான்.

ஒரு வரப்புச் சண்டையை எடுத்துக்கொள்வோம். கையால் அடித்ததாக மட்டும் புகார் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 115(2); அதிகபட்சம் ஓராண்டு, ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். அரிவாளால் காயம் என்றால் 118(1); மூன்றாண்டு வரை, ஜாமீன் நீதிபதியின் கையில். கொல்லும் எண்ணத்தில் வெட்டினார் என்று எழுதிவிட்டால் 109. செஷன்ஸ் கோர்ட், ஆயுள்வரை தண்டனை. சண்டை ஒன்றுதான், புகாரில் இரண்டு வரி கூடியிருக்கும். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த சம்பவத்துக்குப் பழைய 323, 324, 307 ஆகிய எண்களே பொருந்தும்.

ஆகவே எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் வாங்குங்கள். பாலியல் குற்றம் போன்றவை தவிர்த்து, மற்றவற்றை 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டிருக்கிறது. சம்பவம் நடந்த நேரத்தையும் புகார் பதிவான நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காரணம் சொல்லாத தாமதம் பின்னால் உங்கள் வக்கீலுக்குக் கைகொடுக்கும்.

ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது என்பது 2014-ன் அர்னேஷ் குமார் தீர்ப்பு. விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போங்கள். போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். கைது உறுதி என்று தோன்றினால் செஷன்ஸ் கோர்ட்டிலோ உயர் நீதிமன்றத்திலோ முன்ஜாமீன் கேட்கலாம்.

கைதாகிவிட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பெயர், முகவரியைத் தயங்காமல் சொல்லுங்கள். குற்றத்தைப் பற்றிய கேள்விக்கு, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் 20(3) தந்திருக்கிறது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. ஆனால் நீங்கள் சொன்ன இடத்திலிருந்து அரிவாளை எடுத்தால், அந்த அளவுக்கு உங்கள் வார்த்தை உங்களுக்கு எதிராக நிற்கும். இதை அறியாமல் பேசிச் சிக்கிக்கொண்டவர்கள் ஏராளம். வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் வேண்டவே வேண்டாம்.

மாஜிஸ்திரேட் முன் நிற்கும் அந்தச் சில நிமிடங்களை வீணாக்காதீர்கள். போலீஸ் அடித்திருந்தால் அங்கேயே சொல்லுங்கள், காயத்தைக் காட்டுங்கள். பிறகு சொன்னால் நம்ப வைப்பது கடினம். வக்கீல் இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வழிசெய்கிறது. வெளியிலிருந்து வீட்டார் 15100-க்கு அழைக்கலாம்.

ரிமாண்ட் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனையுள்ள குற்றங்களில் 90 நாள், மற்றவற்றில் 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடுகிறது. போதைப்பொருள் போன்ற சில சிறப்புச் சட்டங்களில் கணக்கு வேறு. மனு போடாமல் தானாகக் கிடைக்காது. குற்றப்பத்திரிகை தாக்கலான மறுநாள் கேட்டால் உரிமை போயிருக்கும்.

இதற்கிடையே வீட்டாருக்கு ஒரு வேலை உண்டு. கடைத்தெரு கேமரா பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும். கடைக்காரரிடம் இன்றே பேசுங்கள். நீங்களும் அடிபட்டிருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி விவரத்தைப் பதிவு செய்யுங்கள். போனிலிருந்து எதையும் அழிக்காதீர்கள். எதிர்த்தரப்பு சாட்சிகளிடம் போய்ப் பேசவும் வேண்டாம், ஜாமீனே ரத்தாகலாம்.

குற்றப்பத்திரிகை நகல் வந்ததும் வக்கீலோடு உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். ஆவணங்களைப் பார்த்தாலே வழக்கு நிற்காது என்றால் விடுவிப்பு மனு போடலாம். புதிய சட்டம் அதற்கு 60 நாள் கெடு வைத்திருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் வழக்கையே ரத்து செய்யக் கோரலாம். 115(2) போன்றவற்றில் அடிபட்டவர் சம்மதித்தால் கோர்ட்டிலேயே சமரசம் முடிந்துவிடும்.

விசாரணை என்று வந்துவிட்டால் உங்கள் தரப்பு எது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். "நான் அங்கே இல்லவே இல்லை" என்பதும் "அவர் வெட்ட வந்தார், தற்காப்புக்குத் தள்ளினேன்" என்பதும் ஒரே வழக்கில் சேர்ந்து நிற்காது. வக்கீலிடம் மறைத்தால் குறுக்கு விசாரணையில் அவர் கேட்கும் கேள்வியே உங்களைக் கவிழ்க்கும். குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு. தற்காப்பை மெய்ப்பிக்க உங்கள் பக்கம் அவ்வளவு பாரம் இல்லை. நடந்திருக்கக்கூடியதே என்று காட்டினால் போதும்.

தண்டனை விதித்தால் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகத் தர வேண்டும். மாஜிஸ்திரேட் தீர்ப்பை எதிர்த்து செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போக 30 நாள், செஷன்ஸ் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போக 60 நாள். மேல்முறையீட்டோடு தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள்.