கோலப் பச்சை: யாரிடம் குத்திக்கொள்வது?

சென்னையில் முகப்பேர், அண்ணா நகர் பக்கம் பாட்டி காலத்துப் புள்ளிக்கோலத்தைக் கையில் பச்சை குத்திக்கொள்ள நினைப்பவர்கள், கலைஞர் குத்திய அன்றே எடுத்த படத்தை நம்ப வேண்டாம். இரண்டு மூன்று வருடம் ஆன வேலையைக் காட்டச் சொல்லுங்கள். குத்திய அன்று எல்லாக் கோடும் கூர்மையாகத்தான் தெரியும். நாளாக ஆக மை தோலுக்குள் பரவும். புள்ளிக்கும் சிக்குக்கோட்டுக்கும் நடுவே போதிய இடம் விடாவிட்டால் கோலம் கரும்பச்சைத் திட்டாகிவிடும்.

சுத்தம் பற்றிப் பேசினால், “அந்தக் காலத்தில் பச்சை குத்த வந்த குறத்தியம்மா ஒரே ஊசியில் ஊருக்கே குத்தினாரே, யாருக்கு என்ன ஆயிற்று?” என்பார்கள். ஊசி வழியே பரவக்கூடிய ஹெபடைடிஸ் சி கிருமி கண்டறியப்பட்டதே 1989-இல்தான். பல்லாண்டு அறிகுறி காட்டாமல் ஈரலைக் கெடுப்பது அது. அன்று யார் கணக்குப் பார்த்திருக்க முடியும்? ஊசி உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கிறாரா, மையைச் சின்னக் கிண்ணத்தில் தனியாக ஊற்றி, மிச்சத்தைக் கொட்டிவிடுகிறாரா என்று பாருங்கள். குத்திக்கொண்டால் 12 மாதம் இரத்த தானம் செய்ய முடியாது.