கன்று நட வந்த கண்ணுக்கு

வால்பாறைக்கு வந்து சேர்ந்துவிட்டாய். எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலைதான் தெரியும். 1890-களில் தொடங்கி, சுமார் 220 சதுர கிலோமீட்டர் விரிந்த இந்த மேட்டுநிலத்தில் மழைக்காட்டை வெட்டித் தேயிலையும் காபியும் வைத்தார்கள். வெட்டுக்குத் தப்பிய துண்டுச் சோலைகள் அங்கங்கே நிற்கின்றன. அவற்றில் கன்றுகளைப் பிழைக்கவைப்பதுதான் இனி உன் வேலை. நான் தவறு செய்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், கேள் கண்ணு.

1. விதை கைக்கு வந்ததும் மண்ணுக்குப் போகட்டும். நெல்லுக்குப் பழகிய கை எனக்கு. வந்த புதிதில் ஒரு சாக்கு வெடிப்பலா விதையை வெயிலில் காயவைத்துக் கட்டிவைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைக்கு ஈரம் போனால் உயிரும் போய்விடும். சாலையில் விழுந்து வண்டியில் நசுங்கப்போவதைப் பொறுக்கு. காட்டுக்குள் கிடப்பது காட்டுக்கு.

2. தாய்மரத்தடியில் பாய் விரித்தாற்போல் முளைத்திருப்பதைப் பார்த்து மயங்காதே. பூஞ்சையும் பூச்சியும் எலியும் அதில் பெரும்பாலானதை முடித்துவிடும். தாயைவிட்டு விலகி விழுந்த விதைக்கே பிழைக்க வாய்ப்பு அதிகம் என்று ஜான்சன், கானல் என்ற இரண்டு அறிஞர்கள் 1970, 71-இல் தனித்தனியே எழுதினார்கள். பெரிய விதைகளைத் தூரமாய்க் கொண்டுபோவது இருவாச்சி. அது வராத துண்டுக்காட்டில் அவை விழுந்த இடத்திலேயே மடிகின்றன. அந்தப் பறவையின் வேலையில் கொஞ்சத்தைத்தான் நீ செய்கிறாய். பெருமை வேண்டாம்.

3. அரிவாளை எடுக்குமுன் மண்டியிடு. நான் அதிகம் வருந்துவது இதற்குத்தான். உண்ணிச்செடிப் புதர் ஒன்றை ஒரே மூச்சில் வெட்டிச் சாய்த்தேன். நிமிர்ந்தபோது கமகமவென்று பிசின் வாசம். புதருக்கடியில் தானாக முளைத்து முழங்கால் உயரம் வளர்ந்திருந்த கருங்குங்கிலியக் கன்று, என் அரிவாளால் இரண்டு துண்டாகிக் கிடந்தது. யாரும் நடாமல், யாரும் நீர் ஊற்றாமல் பிழைத்த ஒன்று! அன்று முதல் கையால் விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவேன். முகங்களைப் பழகிக்கொள். சிவந்து தொங்கும் தளிர் நாங்கு, அதைத் தொடாதே. ஓரம் நெளிந்த இரண்டு வட்ட இலையோடு பட்டாம்பூச்சிபோல் நிற்பது காபி. தோட்டத்திலிருந்து மரநாயும் குரங்கும் கொண்டுவந்து போட்டது. நிழலிலும் செழித்துச் சோலைக் கன்றுகளுக்கு இடமில்லாமல் செய்துவிடும். அதைப் பிடுங்கு, வேரோடு.

4. இடமறிந்து நடு. காட்டின் விளிம்பும் உள்ளும் ஒன்றல்ல. விளிம்பில் வெயிலும் காற்றும் பக்கவாட்டிலிருந்து நுழைந்து மண்ணை உலர்த்தும். தேயிலையை ஒட்டிய திறந்த ஓரத்தில், சீக்கிரம் பலன் காட்டும் ஆசையில் நிழல் விரும்பும் நாங்கை நட்டேன். மாசி வெயிலில் இலை கருகி உதிர்ந்தது. அங்கே வட்டக்கண்ணி போன்ற வெயில் தாங்கிகள் முதலில் எழும்பட்டும். நாங்குக்கு அவற்றின் நிழல் வேண்டும்.

5. விறகுக்கு வரும் அக்காமாரோடு சண்டை போடாதே. எந்த மரம் எப்போது காய்க்கும், யானை எந்த வழியாய் இறங்கும் என்று எனக்குச் சொன்னவர்கள் அவர்கள்தான்.

6. செத்ததையும் எண்ணு. நடும் நாளில் கூட்டம் வரும். இரண்டாம் கோடையில் நீ மட்டும் இருப்பாய். ஒருமுறை வெட்கப்பட்டு, மொட்டைக் குச்சியாய் நின்றதையெல்லாம் நோட்டில் ‘உயிர்’ என்று எழுதிவிட்டேன். அந்தப் பொய்யால் எந்த இடம் கன்றைக் கொல்கிறது என்பதே தெரியாமல், அடுத்த ஆண்டும் அதே சரிவில் நட்டுச் சாகவிட்டேன். நகத்தால் பட்டையை லேசாகக் கீறு. உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது. பழுப்பு என்றால் மேல்தண்டு காய்ந்துவிட்டது. அப்போதும் குச்சியைப் பிடுங்கிவிடாதே. நான் ‘செத்தது’ என்று எழுதிய ஒன்று, ஆனி மழையில் அடித்தண்டிலிருந்து மிளகளவு மொட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஓடையோரம் 14-ஆம் எண் குச்சி இருக்கிறது. போன மாசியில் அதன் தண்டு அடிவரை பழுப்பு. மழை பிடித்ததும் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்.